ரூகர் நிறுவனத்தாருக்கு: மார்லினில் அவசரம் வேண்டாம்

பென்சில்வேனியா
டிசம்பர் 2020

பெறுநர்:
ஸ்டர்ம், ரூகர் அண்ட் கம்பெனி,
சவுத்போர்ட், கனெக்டிகட்.

மதிப்புக்குரியவர்களுக்கு, வணக்கம்.

நவம்பர் 23ஆம் தேதி, லீவர் ரைஃபிள்களுக்குப் பேர்போன மார்லின் துப்பாக்கிக் கம்பெனி முறைப்படி உங்கள் கைக்கு வந்துவிட்டது. அதை வைத்திருந்த ரெமிங்டன் இரண்டாவது முறையாகத் திவாலாகி, அதன் சொத்துகள் துண்டு துண்டாக ஏலம் போனபோது தோட்டாத் தொழிலை ஒருவர் எடுத்தார், ரெமிங்டன் துப்பாக்கிகளை இன்னொருவர் எடுத்தார். நீங்கள் சுமார் 2.83 கோடி டாலர் கொடுத்து மார்லினை எடுத்தீர்கள். அடுத்த ஆண்டின் பிற்பகுதியில் முதல் ரைஃபிள்களைக் கொண்டுவரப் போவதாகவும் சொல்லியிருக்கிறீர்கள். அந்தக் காலக்கெடுவைப் பற்றித்தான் முக்கியமாகப் பேச வேண்டும். ஆனால் அதற்கு முன் கொஞ்சம் சுற்றி வளைத்து வருகிறேன்.

இதன் ஆங்கில வடிவம் தபாலில் உங்களுக்கு வருகிறது. தமிழில் பொதுவில் போடுவதற்குக் காரணம், இந்தப் பக்கம் மான் வேட்டைக்குப் போகும் நம்மவர்கள் சிலரும், "லீவர் ரைஃபிளா, கௌபாய் படத்தில் சுழற்றுவார்களே, அதுவா?" என்று கேட்கும் பலரும் படிக்கட்டும் என்றுதான். ஆமாம், அதுவேதான். விசைக்குக் கீழே இருக்கும் வளையத்தைக் கையால் முன்னால் தள்ளினால் சுட்ட தோட்டாவின் காலிக்கூடு வெளியே தெறிக்கும். திரும்ப இழுத்தால் அடுத்த தோட்டா ஏறிவிடும். ஒவ்வொரு முறையும் கையால்தான் செய்ய வேண்டும். பென்சில்வேனியாவில் மான் போன்ற பெரிய விலங்குகளுக்குத் தானியங்கி ரைஃபிள் கூடாது, விசையை இழுக்கும்தோறும் அடுத்த தோட்டா தானே ஏறும் செமி-ஆட்டோவும் கூடாது. அதனால் இங்கே லீவர் ரைஃபிள் அருங்காட்சியகப் பொருள் இல்லை. வேலை செய்கிற கருவி. அடர்ந்த காட்டில் நூறு கஜத்துக்குள் நிற்கும் மானுக்கு, 1895இல் வந்த .30-30 தோட்டாவுக்கு மேல் எதுவும் தேவைப்படுவதில்லை.

துப்பாக்கி என்றாலே முகம் சுளிக்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. இந்த நாட்டில் நடப்பதைப் பார்த்தால் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அந்த வாதத்துக்குள் இந்த மடலில் போகப்போவதில்லை.

நான் உலோகப் பட்டறையில் டூல் ரூம் வேலை, அதாவது கருவிகளும் அச்சுகளும் செய்யும் வேலை பார்ப்பவன். ஆகவே ஒரு துப்பாக்கியைப் பார்த்தால் முதலில் கண் போவது பொருத்தத்தில்: மரம் இரும்பைச் சந்திக்கும் கோடு எப்படி இருக்கிறது, திருகின் தலை நேராக உட்கார்ந்திருக்கிறதா, விளிம்புகளைத் தேய்த்து மழுக்கியிருக்கிறார்களா என்று. என்னிடம் இருப்பது மார்லினின் பழைய நார்த் ஹேவன் ஆலையில் செய்த ஒரு மார்லின் 336. பேரலின் (குழலின்) இடது பக்கம், இயங்கும் பாகங்களை உள்ளே வைத்திருக்கும் இரும்புக் கூடான ரிசீவருக்குச் சற்று முன்னால், கம்பெனியைத் தொடங்கிய ஜான் மார்லினின் பெயரெழுத்துகளான ‘ஜே.எம்.’ முத்திரை இருக்கும். பழைய துப்பாக்கி வாங்க வருகிறவர்கள் விலையைக் கேட்பதற்கு முன் அந்த இடத்தைத்தான் தடவிப் பார்ப்பார்கள்.

இந்த 336ஐச் சுத்தம் செய்வதற்கு ஒரே ஒரு திருகைக் கழற்றினால் போதும். லீவரைப் பாதி இறக்கி, அதன் அச்சுத் திருகை எடுத்தால் லீவர் கையோடு வந்துவிடும். தோட்டாவைப் பின்னாலிருந்து அடைத்து நிற்கும் போல்ட்டைப் பின்பக்கமாக உருவிக்கொள்ளலாம். காலிக்கூட்டைத் தட்டி வெளியேற்றும் எஜெக்டர் என்ற சின்னத் தகடு உள்ளே விழுந்துவிடும், அதை மட்டும் தொலைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்புறம் பேரலைப் பின்னாலிருந்தே துடைக்கலாம், வாய்ப்பக்கம் கம்பி உரசாது. போட்டிக் கம்பெனியின் லீவர் ரைஃபிளான வின்செஸ்டர் 94ஐ இப்படிப் பிரித்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். அதன் ரசிகர்கள் என்னோடு சண்டைக்கு வரட்டும், பரவாயில்லை.

இன்னொன்று, காலிக்கூடு வலப்பக்கமாக வெளியேறுவது. ரிசீவரின் மேற்புறம் மூடிய இரும்பு. இதை 1889இல் கொண்டுவந்தவர் மார்லினின் வடிவமைப்பாளர் லூயிஸ் ஹெப்பர்ன். அப்போது அது மழையும் குப்பையும் உள்ளே போகாமல் இருக்கச் செய்த ஏற்பாடு. அறுபது ஆண்டு கழித்து எல்லாரும் ரைஃபிள்மேல் தொலைநோக்கி மாட்ட ஆரம்பித்தபோது, மேல்வழியாகக் கூட்டைத் துப்பும் வின்செஸ்டர் திணறியது. 1948இல் வந்த 336 அலட்டிக்கொள்ளவே இல்லை. அதன் தலையில் தொலைநோக்கிக்கான இடம் ஏற்கெனவே இருந்தது.

இந்த ஹெப்பர்ன் கதையில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அவர் முதலில் வேலை பார்த்தது நியூயார்க் மாநிலம் இலியனில், ரெமிங்டனில். 1886இல் ரெமிங்டன் நொடித்துப்போன சமயத்தில் அங்கிருந்து கிளம்பி நியூ ஹேவனுக்கு, மார்லினுக்கு வந்தார். மார்லினின் பெயர் சொல்லும் லீவர் ரைஃபிள்கள் பெரும்பாலும் அவர் கைவண்ணம். 2008இல் அதே ரெமிங்டன் மார்லினை வாங்கியது. 2011க்குள் நார்த் ஹேவன் ஆலையைப் பூட்டி, இயந்திரங்களை லாரியில் ஏற்றி அதே இலியனுக்குக் கொண்டுபோனது. ஹெப்பர்ன் இலியனிலிருந்து வந்தபோது தலையில் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு வந்தார். இயந்திரங்கள் இலியனுக்குப் போனபோது அவற்றை ஓட்டியவர்கள் கூடப் போகவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது ஊரறிந்த கதை. தேய்ந்த பழைய இயந்திரங்கள். வரைபடத்தில் இருக்கும் அளவும் உண்மையில் செய்து வந்த அளவும் வேறு வேறு. இந்த இடத்தில் ஒரு மயிரிழை கூடுதலாக எடு, அந்த அச்சை இப்படிக் கொஞ்சம் சாய்த்து மாட்டு என்பதெல்லாம் முப்பது வருடம் அதே இயந்திரத்தின் முன் நின்றவர்களின் கைக்குத்தான் தெரியும். பட்டறையில் வேலை பார்த்த எவரும் இதை நம்புவார்கள். தாளில் எழுதி வைக்காத அந்த அறிவுக்கு ஏலத்தில் விலை போடுவதில்லை. இலியனில் ஆரம்ப ஆண்டுகளில் வெளிவந்த மார்லின்களைப் பற்றி வாங்கியவர்கள் சொன்ன குறைகள் கொஞ்சநஞ்சமல்ல: குறிக்குமிழ் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது, கட்டைக்கும் ரிசீவருக்கும் இடையில் இடைவெளி, லீவர் கரகரவென்று போகிறது. மார்லினையும் ரெமிங்டனையும் சேர்த்து ‘ரெம்லின்’ என்று கிண்டலாக ஒரு பெயரே வைத்துவிட்டார்கள்.

ஒரு நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். கடைசி சில ஆண்டுகளில் வந்த இலியன் துப்பாக்கிகள் நன்றாகவே தேறியிருந்தன என்று அவற்றை வைத்திருக்கிறவர்கள் சொல்கிறார்கள். கற்றுக்கொண்டார்கள். கற்று முடித்த நேரத்தில் கடை மூடப்பட்டது. இந்த அக்டோபரில் கிட்டத்தட்ட 600 பேருக்கு வேலை போனது. தவறு அவர்கள் கையில் இல்லை. தேய்ந்த இயந்திரத்தைக் கொடுத்து, பழகிய ஆட்களை அனுப்பிவிட்டு, மாதாந்திர எண்ணிக்கையை மட்டும் கேட்ட முதலாளித்துவத்தின் கணக்கு அது. அந்த 600 பேரில் மார்லின் வரிசையில் நின்றவர்கள் யார் என்று தேடிப் பார்த்தீர்களா? நீங்கள் ஆலையை எங்கே போடுவதாக இருந்தாலும், அவர்களில் நாலு பேரையாவது கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுங்கள். அவர்களுக்கு எது தப்பாகப் போனது என்று தெரியும். எது சரியாக வந்தது என்பதைவிட அது உங்களுக்கு அதிகம் உதவும்.

இப்போது காலக்கெடு விஷயம். இந்த ஆண்டு துப்பாக்கி விற்பனை எப்படி இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். கடை அலமாரிகள் காலி, தோட்டா கிடைப்பதே அபூர்வம். இந்த நிலைமையில் மார்லின் என்று பெயர் குத்தி எதை அனுப்பினாலும் அன்றைக்கே விற்றுப் போகும். அதுதான் என் பயம். விற்றுப்போவதைத் தரத்துக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ரெமிங்டனும் ஆரம்பத்தில் விற்கத்தான் செய்தது. அடுத்த ஆண்டு முடியாவிட்டால் 2022 என்று சொல்லுங்கள். எங்களில் யாரும் கோபித்துக்கொள்ளப்போவதில்லை. 1870இலிருந்து இருக்கும் பெயர் இது. 1924இல் ஏலத்துக்கு வந்து, ஃபிராங்க் கென்னா என்ற வழக்கறிஞர் 100 டாலருக்கும் கூடவே ஒட்டியிருந்த ஒரு லட்சம் டாலர் அடமானக் கடனுக்கும் எடுத்து, அவர் குடும்பம் 2008 வரை நடத்திய கம்பெனி. நடுவில் சவர பிளேடுகூட விற்றுச் சமாளித்திருக்கிறார்கள். ஓராண்டு தாமதம் இதற்கு ஒன்றும் இல்லை.

எப்படிச் செய்ய வேண்டும் என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. 1949இலிருந்து செய்கிறீர்கள். இருந்தாலும் சில ஆசைகள்.

ரிசீவரை ஃபோர்ஜிங்கிலேயே, அதாவது வார்க்காமல் அடித்து உருவாக்கிய இரும்பிலேயே செய்யுங்கள். நியூ ஹாம்ப்ஷயரில் இருக்கும் உங்கள் வார்ப்பாலை எவ்வளவு நேர்த்தியானது என்று தெரியும். வார்ப்பு என்றால் மட்டம் என்ற பழைய எண்ணத்தை உடைத்ததே நீங்கள்தான். பிளாக்ஹாக் ரிவால்வருக்கு அது சரி. மார்லினின் மெல்லிய, தட்டையான பக்கங்களுக்கு அடித்து உருவாக்கிய இரும்பைக் கடைந்து எடுப்பதுதான் பொருத்தம். எடையும் ஏறாது. பழைய துப்பாக்கியைப் பிடித்துப் பழகிய கை ஏமாறவும் ஏமாறாது.

பேரல் விஷயத்தில் நான் பழைமைவாதி இல்லை. 1953இலிருந்து மார்லின் ‘மைக்ரோ-குரூவ்’ என்று மெல்லிய பல வரிகள் கொண்ட ரைஃபிளிங்கை (குண்டைச் சுழலவைக்கப் பேரலுக்குள் இடும் வரிகளை)ப் பெருமையாகப் போட்டது. செம்பு உறையிட்ட குண்டுகளுக்கு நன்றாகவே வேலை செய்யும். வீட்டில் ஈயம் உருக்கிக் குண்டு வார்ப்பவர்களுக்கு அது ஒத்துவருவதில்லை, ஆழமான வரிகள் கேட்பார்கள். நீங்கள் சுத்தியல் முறையில் குளிர்நிலையில் அடித்துச் செய்யும் பேரல்களை இதில் போட்டால் நான் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவேன். பெயருக்காக மைக்ரோ-குரூவைக் காப்பாற்ற வேண்டாம்.

பழையதெல்லாம் பொன் என்று கும்பிடவும் வேண்டாம். லீவரின் முனையில் இருக்கும் கூர்மையான விளிம்பு, தோட்டாவைத் தூக்கிக் கொடுக்கும் கேரியரை ஆண்டுக்கணக்கில் உரசி உரசிக் குழி பறிக்கும். ஒருநாள் இரண்டாவது தோட்டாவும் பாதி நுழைந்து எல்லாம் சிக்கிக்கொள்ளும். ‘மார்லின் ஜாம்’ என்று இதற்கே ஒரு பெயர் உண்டு, மார்லின் 1894 மாடலை வைத்திருப்பவர்கள் நன்றாக அறிவார்கள். ஜே.எம். முத்திரைத் துப்பாக்கிகளிலும் இது வரும். அந்த விளிம்பை மழுக்கி, கேரியரின் கடினத்தைக் கொஞ்சம் கூட்டினாலே பாதிப் பிரச்சினை தீரும். புதிதாக வரைபடம் போடும்போது இதையும் சேர்த்துச் சரிசெய்துவிடுங்கள். தோட்டா நுழைக்கும் பக்கவாட்டுக் கதவின் விளிம்பையும் பாருங்கள். குளிர் காலையில் கட்டைவிரல் நகத்தைக் கடித்து வைக்கும் அந்தக் கதவு.

ஜே.எம். முத்திரை பற்றி. அதைத் தயவுசெய்து திரும்பக் கொண்டுவராதீர்கள். கேட்பவர்கள் இருப்பார்கள், விளம்பரப் பிரிவும் கேட்கும். அது நியூ ஹேவனிலும் நார்த் ஹேவனிலும் சோதித்த பேரலுக்கு வைத்த முத்திரை. இலியன்கூட அதை வைக்கவில்லை, ‘ஆர்.இ.பி.’ என்று தன் அடையாளத்தைத்தான் குத்தியது. நீங்களும் உங்கள் அடையாளத்தையே குத்துங்கள். இன்னும் இருபது வருடம் கழித்து யாராவது பழைய துப்பாக்கிக் கடையில் உங்கள் முத்திரையைத் தேடித் தடவினால் அதுதானே பெருமை? ஆனால் கட்டையின் அடிப்பக்கம் பதித்திருக்கும் கறுப்பு வெள்ளைப் பொட்டு, அந்த ‘புல்ஸ்ஐ’, அது இருக்கட்டும். அது ஆலைக்குரியது இல்லை, துப்பாக்கிக்குரியது.

1980களின் முற்பகுதியிலிருந்து இருக்கும் குறுக்குப் பொத்தான் சேஃப்டியைப் பற்றியும் எல்லாரும் எழுதுவார்கள், எடுத்துவிடுங்கள் என்று. சுத்தியலைப் பாதி நிலையில் நிறுத்தலாம். லீவர் முழுக்க மூடாவிட்டால் விசை இழுபடாது. தோட்டாவைத் தட்டும் ஊசியே இரண்டு துண்டு, பூட்டுக்கட்டை மேலே ஏறினால்தான் நேர்கோட்டில் வரும். இவ்வளவு இருக்கும்போது பொத்தான் எதற்கு என்பது நியாயமான கேள்விதான். எனக்கும் பிடிக்காது. ஆனால் உங்கள் வழக்கறிஞர்கள் விடமாட்டார்கள், எனக்கும் அது தெரியும். அடுத்த விஷயத்துக்குப் போவோம்.

எதை முதலில் கொண்டுவருவீர்கள்? கணக்குப் போடுகிற எவரும் துருப்பிடிக்காத இரும்பில், அகலமான லீவர் வளையத்தோடு, .45-70 என்ற பெரிய தோட்டாவில் ஒரு 1895 மாடல் என்றுதான் சொல்வார்கள். விலையும் நன்றாக வைக்கலாம். கரடி இல்லாத ஊரிலும் அது விற்கும். கறுப்புப் பூச்சு, திருகு வெட்டிய பேரல் முனை, துளைகள் நிறைந்த உலோக முன்கட்டை எல்லாம் வரும். வரட்டும், காசு பார்க்கத்தானே கம்பெனி. ஆனால் சாதாரண 336, வால்நட் கட்டை, நீலப் பூச்சு, .30-30, இது பின்தங்கிப் போகக் கூடாது. தாத்தா பேரனுக்கு முதல் துப்பாக்கியாக வாங்கிக் கொடுப்பது அதைத்தான். அலாஸ்காவுக்குக் கரடிக்குப் போகிறவர் மார்லினைத் தாங்கவில்லை, பென்சில்வேனியாவிலும் மிஷிகனிலும் மர ஆலையிலும் பால் பண்ணையிலும் வேலை பார்த்துவிட்டு நவம்பர் கடைசியில் காட்டுக்குள் போகிறவர்தான் தாங்கினார். அவருக்கு எட்டும் விலையில் ஒன்று வேண்டும். வின்செஸ்டரின் நியூ ஹேவன் ஆலை 2006இல் மூடியது. இப்போது அந்தப் பெயரில் வருவது ஜப்பானில் மிரோகு என்ற கம்பெனி செய்து தருவது. கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வேலைப்பாடு, விலையும் அதற்கேற்ப. லீவர் ரைஃபிள் செய்யும் ஹென்ரி கம்பெனியார் இருக்கிறார்கள், நன்றாகவே செய்கிறார்கள், அண்மையில் பக்கவாட்டுக் கதவும் வைத்துவிட்டார்கள். நீங்கள் தூங்கினால் அந்த மனிதர் ஹென்ரி பக்கம் போய்விடுவார், திரும்பி வரமாட்டார்.

அடுத்து .357 தோட்டாவில் ஒரு 1894 மாடல். சுடுவதற்குச் சுகமான, செலவு குறைந்த துப்பாக்கி. ரிவால்வருக்கும் ரைஃபிளுக்கும் ஒரே தோட்டா. இதற்கு நான் வக்காலத்து வாங்க வேண்டியதில்லை, கடைக்காரர்களைக் கேளுங்கள்.

.35 ரெமிங்டன் என்ற தோட்டாவில் ரைஃபிள் கேட்பவர்கள் எண்ணிக்கையில் குறைவுதான். தோட்டா கிடைப்பதே பெரும்பாடு. தொழில் கணக்கில் அது நிற்காது. இந்த மாநிலத்தின் மலைக்காடுகளில் அதைத் தவிர வேறொன்றைத் தொடாத கிழவர்கள் இருக்கிறார்கள். வருடத்தில் ஒரு தவணை மட்டும் ஓட்டினால்கூடப் போதும்.

கடைசியாக, சின்ன .22 தோட்டாவுக்கான 39ஏ. இதை எழுதும்போது கொஞ்சம் கை நடுங்குகிறது, ஏனென்றால் இது நடக்காது என்று சொல்கிறவர்கள் அதிகம். 1891இல் தொடங்கிய ஹெப்பர்னின் .22 வடிவம், 1939இல் 39ஏ ஆனது. குறிபார்த்துச் சுடுவதில் புகழ்பெற்ற ஆனி ஓக்லி கையிலும் ஒரு மார்லின் .22 இருந்தது. வலப்பக்கத்தில் ஒரு பெரிய திருகு. ஒரு நாணயத்தை வைத்துத் திருப்பினால் துப்பாக்கி இரண்டாகப் பிரிந்து பைக்குள் போய்விடும். ஷார்ட், லாங், லாங் ரைஃபிள் என்ற மூன்று வகை .22 தோட்டாக்களையும் கலந்து போட்டாலும் முணுமுணுக்காமல் தின்னும். .22க்கு இவ்வளவு இரும்பு எதற்கு, இவ்வளவு கடைசல் வேலை எதற்கு என்று எந்தக் கணக்காளரும் கேட்பார். உங்கள் .22 ரைஃபிளான 10/22 ஒன்றின் விலையோடு ஒப்பிட்டால் 39ஏ பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் நவீன இயந்திரத்தில் அதை எந்த விலைக்குச் செய்ய முடியும் என்று ஒருமுறையாவது கணக்குப் போட்டுப் பாருங்கள். போடாமலே முடியாது என்று சொல்லிவிடாதீர்கள்.

நீங்களே 1996இல் ‘96’ என்று ஒரு லீவர் ரைஃபிள் செய்தீர்கள். சுழல் மேகசின், வெளியே தெரியாத சுத்தியல், நல்ல யோசனைகள்தான். பத்துப் பதினைந்து ஆண்டில் ஓசையில்லாமல் போய்விட்டது. நன்றாகச் சுட்டது, ஆனால் யாரும் அதற்காக ஏங்கவில்லை. லீவர் துப்பாக்கி வாங்குகிறவர் விளைவை மட்டும் வாங்குவதில்லை என்பதை உங்கள் ஆட்கள் அப்போதே பார்த்திருப்பார்கள். மார்லினை ‘மேம்படுத்த’ கை துறுதுறுக்கும்போது அந்த 96ஐ ஒருமுறை எடுத்து மேசையில் வையுங்கள்.

இன்னும் ஒரே ஒரு கேள்வி. இந்த நாட்டில் லட்சக்கணக்கில் பழைய மார்லின்கள் இருக்கின்றன. அவற்றுக்கு உத்தரவாதம் கொடுக்கும் கடமை உங்களுக்கு இல்லை, கேட்கவும் இல்லை. ஆனால் எஜெக்டர், பக்கவாட்டுக் கதவு, லீவர் திருகு, விசைப் பாகங்கள் போன்ற சில்லறைச் சாமான்களை, புதியவற்றுக்குச் செய்யும்போதே கூடுதலாகச் செய்து தனியாக விற்பீர்களா? புதிய அளவுகள் பழைய 336க்குப் பொருந்துமா, பொருந்தாதா என்பதையும் வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் நல்லது. எங்கள் ஊர் துப்பாக்கி பழுதுபார்ப்பவர் பழைய துப்பாக்கிகளை உதிரிக்காக உடைத்து விற்கத் தொடங்கிவிட்டார். அதைத் தடுக்க உங்களால் முடியும்.

பதில் போடுவதாக இருந்தால் இந்த உதிரிபாக விஷயத்துக்கு மட்டும் போட்டால் போதும். மற்றவற்றுக்கு 2021இல் இல்லாவிட்டாலும் 2022இல் கடையிலேயே பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு 336 வைத்திருப்பவன், இன்னொன்றுக்குக் காசு சேர்ப்பவன்